பச்சைத் திரையும் இடது சுண்டுவிரலும்

ஆறாம் அத்தியாயம்: இதில் நான் இரண்டு பேரைத் தவறாகப் பிடிக்கிறேன்

இந்த நாவலின் அட்டையில் ஒரு துப்பாக்கி இருக்கும். அதை நம்பி வாங்கியவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதிப்பாளர் துப்பாக்கிப் படங்களை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார், தீரும்வரை போடுவார். உள்ளே யாரும் சுடப்படுவதில்லை. அவமானப்படுவதும் ஒரே ஒருவன்தான். அவன்தான் கதை சொல்கிறான்.

துப்பறிவது என் அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்துக்கொண்டிருந்தவள். பிடிபட்டவர்களில் ஒருவர் மேலாளரின் மச்சானாகப் போனதால் தனியாகத் தொழில் தொடங்கினாள். நான் அவளுடைய உதவியாளன். விசிட்டிங் கார்டில் 'இணை இயக்குநர்' என்று இருக்கும். கார்டை அச்சுக்குக் கொடுத்தது நான்.

அன்று காலை அவள் என்னை எழுப்பிய விதம் இது:

"எழுந்திருடா. கம்ப்யூட்டர் கேஸ். நீ கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தானே?"

"படிச்சிருக்கேன்க்கா."

"முடிச்சிருக்கியா?"

"கேஸ் எங்க?" என்று கேட்டேன்.

கேஸ் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தது. ஜன்னலைத் துணி போட்டு மூடிய, பகலிலும் அரையிருட்டான அறை. நடுவில் அது நின்றது. அலுவலக மேஜைக்கும் வாஷிங் மெஷினுக்கும் கல்யாணம் செய்துவைத்து, பிறந்த பிள்ளையின் தலையில் ஒரு டி.வி.யைக் கவிழ்த்தால் எப்படியிருக்கும், அப்படி. முன்னால் கீபோர்டு. அதன் வலப்பக்கம் விரலால் உருட்டுகிற இரண்டு சிறிய சக்கரங்கள். நிபுணன் என்ற முறையில் நான் முதலில் மௌஸைத் தேடினேன். பிறகு பென் டிரைவ் செருகும் இடத்தைத் தேடினேன். பிறகு உட்கார நாற்காலி தேடினேன். அது மட்டும் கிடைத்தது.

"கிராஃபிக்ஸ் டெர்மினல்," என்றார் கிளையண்ட், மணமகனை அறிமுகப்படுத்துகிற குரலில். கப்பல் கட்டும் கம்பெனியின் வரைபடப் பிரிவில் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவர். கம்பெனி இதை வேண்டாமென்று தள்ளியபோது வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தோளில் ஒரு துணிப்பை. வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

"பையில என்ன சார்?" என்றேன், கூர்மையாக.

"என் புத்தகம். இந்த மாதிரி டெர்மினல்களைப் பத்தின நினைவுகள். தினம் காலைல லைப்ரரிக்குப் போய் எழுதிட்டு மத்தியானம் வருவேன்."

"எவ்வளவு ஆச்சு?"

"மூணு அத்தியாயம்."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"பேரன் பொறந்தப்ப."

"பேரன் இப்ப?"

"காலேஜ் சேரப் போறான்."

சக எழுத்தாளர் என்ற முறையில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"விஷயத்துக்கு வாங்க சார்," என்றாள் அக்கா.

"இது இப்ப இருக்கற திரை மாதிரி இல்லம்மா. வரைஞ்ச கோட்டைத் திரையே பிடிச்சு வெச்சுக்கும். பச்சையா அப்படியே நிக்கும். ஆனா ஒரு கோடு தப்பாப் போச்சுன்னா அதை மட்டும் அழிக்க முடியாது. மொத்தப் பக்கத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து வரையணும்."

"அன்டூ கிடையாதா சார்?" என்றேன்.

"அதெல்லாம் உங்க காலத்து வியாதி தம்பி." அவர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு நாலு மணிக்கு மியூசியத்துலேருந்து வேன் வருது. ஓடற மெஷினா இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. ஓடாததுல ஒரு கொட்டகை நிறைய அவங்ககிட்டயே இருக்காம். நேத்துவரைக்கும் ஓடிச்சு. இன்னிக்குக் காலைல போட்டுப் பார்த்தேன். உள்ள ஃபேன் சுத்துது, திரை உயிர் வரல. மூடியைத் திறந்தா, வரிசையா நிக்கற சர்க்யூட் அட்டைல ஒண்ணைக் காணோம். உள்ளங்கை அகலம்தான். அது இல்லேன்னா இது வெறும் தகரம்."

"மியூசியம் எடுத்துக்கலேன்னா என்ன ஆகும்?"

"இங்கயே இருக்கும். நான் இருக்கறவரைக்கும் இருக்கும். எனக்கப்புறம் மருமகன் கைக்குப் போகும். அவர் பழைய இரும்புன்னு தராசுல வெப்பார்."

"மாமா, நான் இங்கதான் நிக்கறேன்," என்றது வாசற்பக்கமிருந்து ஒரு குரல். செல்போன் கடை வைத்திருக்கும் மருமகன்.

"தெரிஞ்சுதான் சொல்றேன் மாப்பிள்ளை."

அக்கா மெஷினைச் சுற்றி வந்தாள். "மூடிக்கு எத்தனை ஸ்க்ரூ சார்?"

"எட்டு."

"திருட்டு நடந்தப்புறம் எத்தனை இருந்தது?"

கிளையண்ட் யோசித்தார். "எட்டும் இருந்தது. இறுக்கி இருந்தது. மேல துணி உறையும் போட்டிருந்தது."

"நல்ல குடும்பத்துத் திருடன்," என்றாள் அக்கா. குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். மற்ற எழுத்துகளெல்லாம் மங்கலாக இருக்க, இரண்டு கீகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று.

"ஷிஃப்ட் கீ," என்றார் கிளையண்ட். "அது சீக்கிரம் தேயும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும் ஒரே வேலைதானே பண்ணுது," என்றேன் நான். நிபுணன் பேசினால் விவாதம் முடிந்தது என்று நினைப்பு.

அப்போது கிளையண்டின் மனைவி டீயோடு வந்தார். "இன்னும் அதையேதான் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? போலீஸ், துப்பறியறவங்க, எல்லாரையும் கூப்பிடுவாரு. ஒரு அலமாரி வாங்கணும்னா மட்டும் யோசிப்பாரு."

"அம்மா, உங்களுக்கு இந்த மெஷினைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"எனக்கு என்னம்மா தெரியும்? துணி எடுத்துத் துடைப்பேன், உறை போடுவேன். அதோட ஃபேன் சத்தம் தலைவலி." அவர் தட்டை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நின்றார். பேச்சு ஓய்ந்த இடத்தில் இடது கையின் சுண்டுவிரலால் மேடை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். நான் 'பதற்றம்' என்று மனத்தில் எழுதிக்கொண்டேன். நான் போகிற வீடுகளில் எல்லோருமே பதற்றமாகத்தான் இருப்பார்கள். பெரும்பாலும் நான் எதையாவது உடைப்பேன் என்று. கிளையண்டும் நாற்காலிக் கையில் வலது சுண்டுவிரலால் அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தார். நீண்ட கால தம்பதி. குறட்டை, கோபம், விரல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் போலும்.

மனைவி உள்ளே போனதும் கிளையண்ட் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்காகத்தான்மா இதை அனுப்பறேன். கல்யாணம் ஆனதுலேருந்து தனக்குன்னு ஒரு ரூம் கேட்டுக்கிட்டு இருக்கா. நான் அதுல இதைக் கொண்டுவந்து வெச்சேன். இனிமேலாவது குடுக்கலாம்னு பார்த்தா, இந்த நாள்ல இப்படி."

"நேத்து இந்த ரூமுக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

"மாப்பிள்ளை வந்தாரு, அளவெடுக்க. என் பழைய ஆபீஸ்காரன் ஒருத்தன் வந்தான், மெஷினைக் கடைசியாப் பார்க்க. அவனை நாங்க வெக்டர்னு கூப்பிடுவோம். கப்பல் படம் வரையற பிரிவுல இருந்தவன். அவன்கிட்டயும் இதே மாடல் ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா ஓடல."

நான் அக்காவைப் பார்த்தேன். இதே மாடல். ஓடவில்லை. எந்த அட்டை முக்கியம் என்று தெரிந்தவர். கேஸ் முடிந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஸ்கூட்டரில் போகும்போது சொன்னேன்: "வெக்டர்தான்க்கா. உள்ள போனதும் நான் 'அட்டை எங்கே'ன்னு நேராக் கேக்கறேன். முகம் மாறும். நீ முகத்தைப் பாரு."

"நீ கேட்டா யாருக்குமே முகம் மாறும்டா."

வெக்டர் ஒரு சலவைக் கடையின் மாடியில், மகன் குடும்பத்தோடு இருந்தார். கதவைத் திறந்ததும் நான் உறுதியான குரலில், "அட்டை எங்க சார்?" என்றேன்.

"ரேஷன் அட்டையா? மருமகள்கிட்ட இருக்கும். நீங்க ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?"

அக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எங்களைத் தன் டெர்மினலிடம் அழைத்துப் போனார். அதே மாடல்தான். ஆனால் திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு பழைய தலையணை. தலையணைமேல் ஒரு பூனை. அது எங்களைப் பார்த்தது. படம் மிகத் தெளிவாக இருந்தது.

"பிக்சர் ட்யூப் வெடிச்சு வருஷம் ஆச்சு," என்றார் வெக்டர். "முகமே போனப்புறம் மூளையைத் திருடி நான் என்ன பண்றது? அட்டையெல்லாம் இன்னும் கீழதான் இருக்கு. பூனை விட்டா எடுத்துக்கோங்க."

பூனை விடுவதாகத் தெரியவில்லை.

அவர் எங்களுக்கு டீ ஊற்றினார். பாதி கோப்பையில் விழுந்தது, பாதி என் கால்சட்டையில். "மன்னிச்சுக்கோங்க தம்பி. கண்ணு சரியில்ல. நேத்து அவன் மெஷினைக்கூடத் தடவித்தான் பார்த்தேன்." எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, எட்டையும் திருப்பி இறுக்கக்கூடிய மனிதர் இவரில்லை என்று என் தொடை எனக்குத் தெரிவித்தது.

பேச்சு நின்ற ஒரு கணத்தில் அவருடைய இடது சுண்டுவிரல் மேஜை ஓரத்தை ஒரு தட்டுத் தட்டியது.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "சார், அது என்ன?"

"எது? ஓ, இதுவா?" அவர் சிரித்தார். "மருமகள் நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறா. நரம்பு இல்லம்மா, ஷிஃப்ட் கீ. கொஞ்ச நேரம் நாம சும்மா இருந்தா அந்தத் திரை தானா மங்கிடும். படம் திரையை எரிச்சுடாம இருக்கறதுக்கு. ஷிஃப்ட்டை ஒரு தட்டு தட்டினா திரும்பி வரும். யோசிக்கும்போது தட்டணும், பேசும்போது தட்டணும், சண்டை போடும்போது தட்டணும். அந்த மெஷின்ல வேலை பார்த்தவன் சாகறவரைக்கும் தட்டுவான். இன்னொண்ணும் உண்டு. பக்கத்தை அழிக்கறப்ப திரை பளீர்னு ஒரு வெட்டு வெட்டும். இருட்டு ரூமா, கண்ணு ஒரு நிமிஷம் அவிஞ்சு போகும். அதனால அழிக்கறவன் முன்னாடியே 'கண்ணு'ன்னு கத்துவான். ரூம்ல எல்லாரும் மூடிப்போம். கல்யாண போட்டோல எல்லாம் நாங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் நிப்போம்."

"உங்க நண்பர் வலது விரலால தட்டறாரே?"

"அவன் புரோகிராம்காரன். அவனுக்கு வலது கைல வேலை கிடையாது. இடது கைல எப்பவும் டீ. நாங்க வரையறவங்க. வலது கை சக்கரத்துல இருக்கும், கோட்டை நகர்த்திக்கிட்டே. தட்டறதுக்கு இடது கைதான் மிச்சம். நாங்க ஒருத்தரை ஒருத்தர் ஜாதி பிரிச்சதே அப்படித்தான்."

"இப்ப அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு. அவன் ஒருத்தன். நான் அரை. பூனை அரை."

கீழே இறங்கும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. அக்கா பேசாமல் வந்தால் கேஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் பேசிக்கொண்டே வந்தால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். நான் பேசிக்கொண்டே வந்தேன்.

"அப்ப மருமகன்தான்க்கா. மெஷின் ஓடலேன்னா மியூசியம் எடுத்துக்காது, தராசுக்குப் போகும், லாபம். அதோட அவர் சாவிக்கொத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொங்குது. நான் கவனிச்சேன்."

"சரி. நீ அவரைப் பிடி."

அனுமதி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாங்கள் திரும்பியபோது நாலாகக் கொஞ்ச நேரமே இருந்தது. கிளையண்ட், பையைத் தோளில் மாட்டியபடி, வாசலுக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா எல்லோரையும் பின்னறைக்கு வரச் சொன்னாள். மனைவி தட்டோடு கதவோரம் நின்றார். நான் அறையின் நடுவுக்கு வந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"திருடன் இந்த அறையில்தான் இருக்கிறான்."

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒயர் தடுக்கும்," என்றார் கிளையண்ட்.

தள்ளி நின்றேன். "மாப்பிள்ளை சார். உங்க சாவிக்கொத்தைக் காட்டுங்க."

அவர் காட்டினார். நான் அதிலிருந்த கருவியை உயர்த்திப் பிடித்தேன். "இது என்ன?"

"காது குடையறது."

நான் அதை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். கைக்குட்டையும் தேடினேன்.

"அதோட," என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாக, "மெஷினை மியூசியத்துக்கு எழுதிச் சொன்னதே நான்தான். மாமாவுக்குப் பிடிச்ச பொருள், நாலு பேர் பார்க்கற இடத்துல இருக்கட்டுமேன்னு. நேத்து அளவெடுத்ததும் வேன்ல ஏறுமான்னு பார்க்கத்தான். தராசு தராசுன்னு அவரா சொல்லிக்கறாரு."

கிளையண்ட் மருமகனைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், என்னை முறைத்தார்.

"என் தம்பி சொன்னதுல ஒண்ணு சரி," என்றாள் அக்கா. எனக்கு உயிர் வந்தது. "ஆள் இந்த ரூம்லதான் இருக்காங்க. சார், ஒரு சின்ன சோதனை. பக்கத்தை அழிக்கற கீ எது?"

கிளையண்ட் காட்டினார்.

"டேய், மெஷினோட ப்ளக்கைப் பிடுங்கி கைல வெச்சுக்கோ. எல்லாருக்கும் காட்டு."

பிடுங்கினேன். காட்டினேன். செத்த மெஷினைத் திரும்பவும் சாகடித்த பெருமை எனக்கே.

"கரண்ட்டே இல்ல. சரியா?" என்றாள் அக்கா, விரலை அந்த கீயின்மேல் கொண்டுபோனபடி. "அழிக்கறேன்."

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் திரையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மருமகனும் வாயைத் திறந்தபடி திரையைத்தான் பார்த்தார். அக்கா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். விசிட்டிங் கார்டில் அவள் பெயர் மேலேயும் என் பெயர் கீழேயும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நான் அவள் பார்த்த பக்கம் திரும்பினேன். கிளையண்ட் கண்களை இறுக மூடியிருந்தார். கதவோரம், தட்டை நெஞ்சோடு அணைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, அதே மாதிரி இறுக மூடிக்கொண்டு இன்னொருவர் நின்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ ஏம்மா மூடினே?" என்றார் கிளையண்ட்.

மனைவி தட்டை நெஞ்சிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"சார் மெஷின் முன்னாடி உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு வலது ஷிஃப்ட்டைத் தேய்ச்சாரு," என்றாள் அக்கா. "இடது ஷிஃப்ட்டைத் தேய்ச்சது வரையறவங்க. காலைல ஜன்னல் மேடையைத் தட்டினது இடது விரல். புருஷனைப் பார்த்து ஒட்டிக்கிட்ட பழக்கமா இருந்தா வலதுல தட்டியிருக்கணும். தானா கத்துக்கிட்டவங்கதான் இடதுல தட்டுவாங்க. அட்டையை எடுத்தவங்க எட்டு ஸ்க்ரூவையும் திருப்பிப் போட்டு உறையையும் மாட்டியிருக்காங்க. திருடன் அப்படிப் பண்ண மாட்டான். தூசி உள்ள போகக் கூடாதுன்னு நினைக்கறவங்கதான் பண்ணுவாங்க."

"நீயா?" என்றார் கிளையண்ட். "உனக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"நீங்க லைப்ரரிக்குப் போனா மத்தியானம்தானே வருவீங்க," என்றார் மனைவி. "துடைக்கும்போது ஒரு நாள் கை பட்டு திரை வந்துச்சு. சக்கரத்தை உருட்டினா கோடு நகர்ந்துச்சு. அப்புறம் தினமும் கொஞ்சம். நீங்க வர்றதுக்கு முன்னாடி அழிச்சுட்டு உறை போட்டுடுவேன்."

"எத்தனை நாளா?"

"உங்க ரெண்டாவது அத்தியாயத்துலேருந்து."

கிளையண்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்தக் காலத்தில் அந்த மெஷினை யாருக்கும் ஓட்டத் தெரியாது என்று அவர் லைப்ரரியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா பக்கத்துல வந்து நிப்பீங்க. 'அப்படி இல்ல, இப்படி'ன்னு சொல்லிக் குடுப்பீங்க. எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு."

"ஆனா நீ தனி ரூம் கேட்டியே."

"இதுதாங்க என் ரூம். நீங்க எனக்காகன்னு அதையே வண்டில ஏத்தப் பார்த்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அட்டையைக் கழட்டினேன்."

இருவருடைய சுண்டுவிரல்களும் ஆளுக்கொரு தட்டுத் தட்டின. அவருடையது நாற்காலியில், அவருடைய மனைவியுடையது தட்டில்.

"அட்டை எங்கம்மா?" என்றாள் அக்கா.

மனைவி கணவரின் தோளைக் காட்டினார். "அவர் பையில. ராத்திரி தூங்கறப்ப வெச்சேன். வீட்டுல எங்க வெச்சாலும் தேடிடுவாரு. அதுல மூணாவது அத்தியாயத்துக்கு அப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க."

கிளையண்ட் பையைத் திறந்தார். மூன்றாம் அத்தியாயம் முடிந்து நான்காம் அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துணியில் பத்திரமாகச் சுற்றி, அட்டை இருந்தது. திருட்டுப் பொருளைக் காலையிலிருந்து தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து தேடியவர் எங்கள் கிளையண்ட். முதல் கேள்வியாக அந்தப் பையைப் பற்றிக் கேட்டவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதைத் திறந்து பார்க்காதவனும் நான்தான்.

எட்டு ஸ்க்ரூ. மனைவி கழற்றினார், கணவர் விளக்குப் பிடித்தார். அட்டை உள்ளே போனது. நான் ப்ளக்கைச் செருகினேன். ஃபேன் உறுமியது. திரை முழுதும் பச்சையாக எழுந்து நின்றது.

"முதல்ல இதை அழிக்கணும்," என்றார் மனைவி, கீயைத் தேடாமலே விரல் வைத்து. "கண்ணு."

எல்லோரும் மூடினார்கள். மருமகன்கூட மூடினார், அவர் சீக்கிரம் கற்றுக்கொள்பவர். நான் நிபுணன். நேராகப் பார்த்தேன்.

அடுத்த சில நிமிடங்களை நான் ஒரு பெரிய பச்சைப் பொட்டின் ஓரமாகத்தான் பார்த்தேன். மனைவி உட்கார்ந்தார். வலது கை சக்கரங்களில், இடது கை ஷிஃப்ட்டில். ஒரு கோடு. இன்னொரு கோடு. தயக்கமே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, மார்பில் பையை அணைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு மனிதர் திரையில் மெல்ல மெல்ல வந்தார்.

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது.

கிளையண்ட் எழுந்தார். திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "எனக்கப்புறம் இதை யார் பார்த்துப்பாங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"நான் என்ன, உங்களோடயே கிளம்பிடுவேன்னு நினைச்சீங்களா?" என்றார் மனைவி, சக்கரத்திலிருந்து கை எடுக்காமல்.

கிளையண்ட் வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். மியூசியம் அதிகாரி கையில் அளவு நாடாவோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றார் கிளையண்ட். "ஓடல."

"உள்ள ஏதோ ஃபேன் சத்தம் கேக்குதே சார்?"

"ஃபேன் ஓடும். மெஷின் ஓடாது."

அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய்யாக இருக்க வேண்டும்; காது வரை சிவந்துவிட்டார். மருமகன் முன்னால் வந்து, "நான்தான் தப்பா எழுதிட்டேன் சார்," என்று அதிகாரியின் தோளில் கை போட்டு வேன்வரை அழைத்துப் போனார். அந்த நிமிடம் எனக்கு அவரிடம் காது குடையும் கருவிக்காக ஒரு மன்னிப்பு பாக்கி இருந்தது. கேட்டேன். "பரவால்ல சார், உங்க வேலை அப்படி," என்றார். யாரும் என் வேலையைப் பற்றி இவ்வளவு நல்லபடியாகச் சொன்னதில்லை.

கிளையண்ட் பின்னறைக்குத் திரும்பினார். இந்த உருக்கமான காட்சியை அருகிலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று நானும் நுழையப் போனேன். அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஆகவே கடைசிப் பகுதியைக் கதவில் காதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"மூக்கு கொஞ்சம் நீளமா இருக்கே," என்றது அவர் குரல்.

"கோடு நழுவிடுச்சு. அழிச்சுட்டுத் திரும்பப் போடவா?"

நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன், மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

"வேண்டாம்," என்றார் அவர். "இருக்கட்டும்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஃபேன் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து, படம் மங்கத் தொடங்கியிருக்க வேண்டும், வலப்பக்கத்தில் ஒரு தட்டு.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இடப்பக்கத்தில் ஒன்று.